கொடையும் பொறுப்பும்: தீவகத்திலிருந்து பார்க்கையில் இலங்கையின் மலேரியா ஒழிப்பு

யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணையிலிருந்து வாணர் தாம்போதியைக் கடந்தால் புங்குடுதீவின் மடத்துவெளி. 1990களின் இடப்பெயர்வுக்குப் பிறகு ஆளில்லாமற் போன வளவுகள் இங்கே ஏராளம். வீடு இடிந்த வளவிலும் கிணறு அப்படியே கிடக்கும். அந்தக் கிணற்றில் நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று யார் எட்டிப் பார்ப்பது, பார்ப்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பது? இந்தக் கேள்வியின் வரலாறு கொழும்பையும் தாண்டி உலக சுகாதார நிறுவனம் இருக்கும் ஜெனீவா வரை போகிறது.

இலங்கையின் மலேரியா தடை இயக்கம் 1911இல் குருநாகலில் தொடங்கியது. 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு டீ.டீ.ரீ. தெளிப்பு வந்தது. 1955இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியாவை உலகெங்கும் ஒழிப்பதாக அறிவித்தது. இலங்கை 1958இல் அந்தத் திட்டத்தில் இறங்கியது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர்தான்.

அமெரிக்கா அளித்துவந்த சிறப்பு நிதியும் அதே 1963 அளவில்தான் முடிந்தது. இலங்கையில் தெளிப்பு நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. இந்தச் சரிவுக்குக் கொடையாளர் கைவிட்டதைக் காரணம் காட்டுவது வழக்கம். பாதி உண்மை. தெளிப்பை நிறுத்துவது சர்வதேச வழிகாட்டலின்படி அடுத்த கட்டம். ஆனால் காய்ச்சல்காரரின் இரத்தத்தைத் தொடர்ந்து சோதிப்பதற்குப் பெருந்தொகை தேவைப்படவில்லை. 17ஐப் பூச்சியமாக எண்ணிக்கொண்டது கொழும்புதான்.

இரண்டாவது முயற்சி வேறு மாதிரி அமைந்தது. 1999இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர். எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்காக 2002இல் உருவான உலகளாவிய நிதியத்தின் பணம் மருந்திட்ட நுளம்பு வலைகளாகவும் நடமாடும் பரிசோதனைகளாகவும் போர் நடந்த வடக்கு கிழக்குக்கு வந்தது. சர்வோதயமும் பின்னர் டெதா என்ற தனியார் அமைப்பும் அதில் பங்கெடுத்தன. ஆயினும் எங்கே தெளிப்பது, யாரைச் சோதிப்பது என்பதை மலேரியா தடை இயக்கமும் மாகாண உத்தியோகத்தர்களும் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். என் கணிப்பில், 1963க்கும் 2012க்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை வழங்கியது.

அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கண்டுபிடிக்கப்பட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இந்த நுளம்புக்கு வயலோ ஆறோ வேண்டியதில்லை, கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும். கிணற்றில் கப்பி மீன் விடுவது மலிவான வழிதான்; ஆனால் மீன் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஆள் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

நுளம்பு இருக்கும் இடத்துக்கு நோய்க்கிருமி ஆட்களோடு வந்து சேரலாம். கச்சதீவுத் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து வருவோர், எல்லை தாண்டிப் பிடிபட்டு ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படும் மீனவர், இந்திய முகாம்களிலிருந்து திரும்பும் அகதிகள் எனத் தீவகத்துக்குக் கடல் ஒருபோதும் எல்லையாக இருந்ததில்லை. உலகளாவிய நிதியமோ நோய்ச்சுமையையும் நாட்டின் வருமானத்தையும் அளந்து பணம் தருவது. நோயில்லாத நாடு அதன் வரிசையில் பின்னுக்குப் போய்விடும். 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சாதாரண மருந்துகளுக்கே வைத்தியசாலைகள் தவித்தன. அப்படிப்பட்ட நிலையில், நோயாளரே இல்லாத நோய்க்குப் பணம் கேட்டுத் திறைசேரியில் வாதாடுவது சுகாதார அமைச்சின் வேலை. புங்குடுதீவு வைத்தியசாலைக்குக் காய்ச்சலோடு வருபவரிடம் வெளிநாடு போய்வந்தாரா என்று கேட்டு, ஒரு துளி இரத்தம் எடுப்பதற்கான செலவும் அந்தப் பணத்துக்குள்தான் அடக்கம்.