கூலியால் தீராத கடன்: செவிலித்தாயும் இஸ்லாமிய மரபும்

பஞ்சம் வாட்டிய ஓர் ஆண்டில் பனூ ஸஃது கோத்திரத்துப் பெண்கள் சிலர், பாலூட்டி வளர்க்கக் கைக்குழந்தைகளைத் தேடி மக்காவுக்கு வந்தனர். அவர்களுள் ஹலீமா என்பவரும் ஒருவர். அவர் ஏறிவந்த கழுதை நடக்க மாட்டாமல் பின்தங்கியது. உடன் வந்த முதிய பெண் ஒட்டகத்தின் மடியில் ஒரு துளிப் பாலும் இல்லை. இடுப்பிலிருந்த அவருடைய சொந்த மகனோ பசியால் இரவெல்லாம் அழுதான். அவன் அழுகையால் பெற்றோர் இருவரும் உறங்கவில்லை. நபி வரலாற்றின் முன்னோடி ஆசிரியரான இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ள செய்தி இது.

அப்பெண்களுக்கு மக்காவில் ஓர் அனாதைக் குழந்தை காட்டப்பட்டது. ஒவ்வொருவரும் தயங்கி ஒதுங்கினர். குழந்தையின் தந்தையிடமிருந்தே வெகுமதி வரும். தந்தையற்ற பிள்ளையின் தாயும் பாட்டனாரும் என்ன தந்துவிடப் போகிறார்கள் என்பது அவர்கள் எண்ணம். வெறுங்கையோடு திரும்ப மனமின்றி, இறுதியில் ஹலீமாவே அக்குழந்தையை ஏற்றுக்கொண்டார். அக்குழந்தைதான் நம் பெருமானார் (ஸல்) அவர்கள்.

மீலாது மேடைகளில் இந்நிகழ்ச்சியைக் கேட்கும் நாம், அதன் பின்னர்ப் பெருகிய பரக்கத்தை மட்டுமே நினைவில் கொள்கிறோம். ஆயின் அதன் தொடக்கத்தில் இருப்பது வறுமை. கூலியை நாடிய பயணம். பசித்தழும் தன் பிள்ளையை வைத்துக்கொண்டே பிறர் பிள்ளைக்குப் பாலூட்ட முன்வந்த ஓர் ஏழைத் தாய். பிள்ளை வளர்ப்புக்கு ஆள் அமர்த்துவது பெருகிவிட்ட இக்காலத்தில், அந்தத் தொடக்கத்தைச் சற்று ஊன்றிப் பார்ப்பது நம் கடமை.

செவிலியும் அலிமாவும்

பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி என்பது தமிழருக்குப் புதிதன்று. முன்னவளை நற்றாய் என்றும் பின்னவளைச் செவிலி என்றும் நம் அகமரபு வழங்கிற்று. செவிலியின் மகளே தலைவியின் உயிர்த்தோழி. வளர்ப்பின் வழியே ஓர் உடன்பிறப்பு உண்டாகிறது என்ற உணர்வு அம்மரபில் இருந்தது. அந்த மண்ணில் நின்று 17ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், அலிமா முலையூட்டு படலம் என்று ஒரு தனிப் படலத்தையே அமைத்தது பொருத்தமானதே.

அகமரபு உணர்வாகக் கண்டதை இஸ்லாம் சட்டமாக்கியது. மணமுடிக்கத் தகாத உறவுகளை வரிசைப்படுத்தும் அந்நிஸா அத்தியாயத்தின் 23ஆம் வசனம், பெற்ற தாயரோடும் உடன்பிறந்த சகோதரியரோடும் பாலூட்டிய தாயரையும் பால்குடிச் சகோதரியரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. ஹம்ஸா (ரழி) அவர்களின் மகளை மணந்துகொள்ளலாமே எனக் கூறப்பட்டபோது, அவள் தம் பால்குடிச் சகோதரரின் மகள் எனக் கூறி நபியவர்கள் மறுத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஹலீமாவுக்கு முன்பே ஸுவைபா என்னும் அடிமைப்பெண் அவ்விருவருக்கும் பாலூட்டியிருந்தார். ஓர் அடிமைப்பெண்ணின் பால், குறைஷிக் குலத் தலைவர்களுக்கிடையே அழியாத உறவைப் படைத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

எத்தனை முறை பாலருந்தினால் இவ்வுறவு உண்டாகும் என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை அருந்த வேண்டும். ஹனஃபி மத்ஹபில் சிறிதளவு அருந்தினாலும் போதும். ஷாஃபிஈ வழி நிற்கும் கடற்கரை ஊர்களும் ஹனஃபி வழி நிற்கும் உள்நாட்டு ஊர்களும் கலந்து வாழும் தமிழகத்தில், மணப்பேச்சின்போது மூத்த பெண்மணிகள் பால்குடி உறவை விசாரிப்பது வெறும் சம்பிரதாயமன்று.

கூலியின் சட்டம்

உறவு உண்டாகிறது என்பதால் கூலி இல்லை என்றாகிவிடாது. இரண்டாண்டு பாலூட்டலைப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பிறரைக் கொண்டு பாலூட்டச் செய்வதற்கும் அனுமதி அளித்து, பேசியதை முறைப்படி கொடுத்துவிட வேண்டும் என நிபந்தனை விதிக்கிறது. அத்தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மணவிலக்குப் பெற்ற தாய் தன் குழந்தைக்கே பாலூட்டினாலும் அவளுக்குரிய கூலியைத் தந்தை கொடுக்க வேண்டும். தாய்மையைப் புகழ்ந்துவிட்டு உழைப்பை இலவசமாகப் பெற்றுக்கொள்ளும் வழக்கத்திற்கு இவ்வசனம் இடம் தரவில்லை.

சட்ட அறிஞர்களுக்கு இதில் ஒரு நுட்பமான சிக்கல் எழுந்தது. இஜாரா எனப்படும் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பொருளின் பயனைத்தான் பெறலாம். பொருளையே நுகர்ந்து தீர்த்துவிடக் கூடாது. பாலுக்காகப் பசுவை வாடகைக்கு எடுக்க முடியாது என்பதே பெரும்பாலோர் கருத்து. அவ்வாறாயின் பாலூட்டும் பெண்ணைக் கூலிக்கு அமர்த்துவது எங்ஙனம் கூடும்? குழந்தையைப் பேணும் பணியே ஒப்பந்தத்தின் கரு, பால் அதனோடு சேர்ந்து வருவது என்றனர் சிலர். பாலே கரு, திருக்குர்ஆன் அனுமதித்த விதிவிலக்கு இது என்றனர் வேறு சிலர்.

ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் மர்கீனானீயின் ஹிதாயா என்னும் ஹனஃபி சட்டநூல் இவ்வொப்பந்தத்தை விரிவாக ஆராய்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டுவதும் துணியை அலசுவதும் உணவு பக்குவப்படுத்துவதும் வழக்கத்தையொட்டிச் செவிலியின் பணிகள். அவ்வுணவின் செலவு தந்தையுடையது. தன் பாலை ஊட்டாமல் ஆட்டுப்பாலை ஊட்டியிருந்தால் அவள் கூலிக்கு உரியவளல்லள். மறுபுறம், அவளை அமர்த்தியவர் அவளுடைய இல்லற வாழ்வைத் தடுத்துவிட முடியாது. கூலிக்கு வந்தவள் ஒருவனின் மனைவியும் ஆவாள் என்பதைச் சட்டம் மறக்கவில்லை.

இவற்றுள் மிகவும் சுவையானது, உணவும் உடையுமே கூலி எனப் பேசி ஒருத்தியை அமர்த்தலாமா என்ற வினா. கூலியின் அளவு தெளிவாக இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. அதன்படி இது கூடாது என்றனர் இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும். அவர்களின் ஆசிரியர் இமாம் அபூஹனீஃபாவோ கூடும் என்றார். அளவு தெரியாத கூலி சச்சரவுக்கு வழிவகுக்கும் என்பதே விதியின் காரணம். பிள்ளை மீதுள்ள பரிவால் செவிலியரிடம் தாராளமாக நடந்துகொள்வதே மக்களின் வழக்கமாதலால், இங்கே சச்சரவு எழாது என்பது அவர் தரப்பு வாதம். தன் குழந்தையை ஒப்படைத்த பெண்ணிடம் எவரும் கணக்குப் பார்க்க மாட்டார் என்று ஒரு சட்டமேதை நம்பியிருக்கிறார்! இன்று நம் இல்லங்களைக் கண்டால் அவர் தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டிருப்பாரோ என எண்ணத் தோன்றுகிறது.

கூலிக்கு அப்பால்

கூலி முழுவதும் கொடுத்தாயிற்று, கடன் முடிந்ததா? பாலூட்டியவளின் கடப்பாட்டிலிருந்து எவ்வாறு விடுபடுவது என்று ஒரு தோழர் வினவியபோது, பணிக்கு ஓர் ஆணையோ பெண்ணையோ அவளுக்கு அளிக்குமாறு நபியவர்கள் விடையளித்ததாகத் திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் ஹதீஸ் உள்ளது. அடிமைமுறை நிலவிய காலத்துச் சொல் அது. சிறுவயதில் அவள் உனக்குப் பணிவிடை செய்தாள். அவளுக்குப் பணிவிடை செய்ய ஒருவரை நீ ஏற்பாடு செய் என்பதே அதன் உட்பொருள் என விரிவுரையாளர்கள் விளக்கினர். பால் மறக்கச் செய்யும் நாளில் கூலிக்கு மேலாகச் செவிலிக்கு ஏதேனும் அளிப்பதை அரபியர் விரும்பினர் என்றும் அவர்கள் குறித்துள்ளனர்.

நபியவர்களின் வாழ்வே இதற்குச் சான்று. மதீனாவுக்குச் சென்ற பின்னும் ஸுவைபாவுக்கு அன்பளிப்பும் ஆடையும் அனுப்பிவந்தார்கள். பிற்காலத்தில் பஞ்சத்தால் நலிந்து ஹலீமா மக்காவுக்கு வந்தபோது, அன்னை கதீஜா (ரழி) அவர்கள் நாற்பது ஆடுகளும் ஓர் ஒட்டகமும் வழங்கியதாக இப்னு ஸஃது எழுதுகிறார். ஹிஜ்ரி 8இல் ஹுனைன் போருக்குப் பின் சிறைப்பட்டோரிடையே ஹலீமாவின் மகள் ஷைமா இருந்தார். தாம் யாரென்று உணர்த்த, குழந்தைப் பருவத்தில் பெருமானார் கடித்த தழும்பைத் தம் முதுகில் காட்டினார். நபியவர்கள் தம் மேலாடையை விரித்து அவரை அமரச் செய்தார்கள். ஹவாஸின் குலத்தாரின் தூதுக்குழுவும், சிறைக்கொட்டிலில் இருப்போர் தங்களை வளர்த்த செவிலியரின் உறவினரே என்றுதான் முறையிட்டது. ஏறத்தாழ ஆறாயிரம் பேர் விடுதலை பெற்றனர். ஒரு குடிசையில் ஊட்டப்பட்ட பால் ஒரு குலத்தையே மீட்டது.

பாலூட்டாமல் வளர்த்தவரும் ஒருவர் உண்டு. அபிசீனியப் பெண்ணான உம்மு ஐமன் (ரழி) அவர்கள், தந்தையிடமிருந்து பெருமானாருக்கு வந்த பணிப்பெண். அன்னை ஆமினா அப்வாவில் மறைந்தபோது, ஆறு வயதுச் சிறுவரை மக்காவுக்கு அழைத்து வந்தவர் அவரே. பின்னர் நபியவர்கள் அவரை உரிமை விட்டார்கள். மதீனாவில் அவருக்குக் கொடுத்திருந்த பேரீச்ச மரங்களை உரியவரிடம் திருப்பித்தர வேண்டி வந்தபோது, உம்மு ஐமன் பிடிவாதமாக மறுத்தார். நபியவர்கள் சினம் கொள்ளவில்லை. ஏறக்குறைய பத்து மடங்கு தருவதாகக் கூறும்வரை அவரைச் சமாதானப்படுத்தினார்கள். அவர்களின் மறைவுக்குப் பின் அபூபக்ரும் உமரும் (ரழி), பெருமானார் சந்தித்து வந்ததுபோலத் தாங்களும் அந்த மூதாட்டியைச் சென்று சந்தித்தனர். இஸ்லாமிய அரசின் தலைவர் ஒரு முன்னாள் பணிப்பெண்ணின் வாயிலில் நின்ற காட்சி அது.

மருத்துவரின் நிபந்தனை, மாளிகையின் வழக்கம்

1037இல் மறைந்த இப்னு ஸீனா தம் மருத்துவப் பெருநூலான அல்கானூனில், தாயின் பாலே சிறந்தது எனக் கூறிவிட்டு, இயலாதபோது அமர்த்தப்படும் செவிலிக்கு இலக்கணம் வகுக்கிறார். வயது 25 முதல் 35 வரை இருக்க வேண்டும். உடல்நலத்தோடு நற்குணமும் வேண்டும். எளிதில் சினமும் துயரும் கொள்பவளாக இருத்தலாகாது. அவள் மனநிலை குழந்தையைப் பாதிக்கும் என்பது அவர் கருத்து. அவ்வாறாயின் அவளை மனங்குளிர வைப்பது யார் பொறுப்பு என்ற வினாவும் உடன் எழுகிறது.

மொகலாயர் இந்தச் சிறப்பை அரசியலாகவே வளர்த்தனர். அக்பருக்குப் பாலூட்டிய ஜீஜீ அனகாவின் மகன் மிர்ஸா அஸீஸ் கோக்கா பலமுறை முரண்டபோதும், தம் இருவருக்குமிடையே பாலாறு ஒன்று ஓடுவதாகச் சொல்லி அக்பர் பொறுத்துக்கொண்டார் என்பர். ஷாஜஹானின் செவிலியான தாயீ அங்கா பெயரால் 1635 அளவில் எழுந்த பள்ளிவாசல் லாகூரில் இன்றும் நிற்கிறது. இச்சிறப்புக்கு மறுபக்கமும் உண்டு. மற்றொரு செவிலியான மாஹம் அனகாவின் மகன் ஆதம்கான் 1562இல் ஜீஜீ அனகாவின் கணவரைக் கொன்று, தானும் அக்பரின் ஆணையால் உயிரிழந்தான். பெயர் தெரியாத எண்ணற்ற அடிமைச் செவிலியருக்கோ பள்ளிவாசலும் இல்லை, பதவியும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் எப்பாலைக் குடித்தார்கள் என எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. நம் மரபைப் போற்றும்போது இதையும் மறைக்கலாகாது.

புட்டிப்பாலின் காலம்

புட்டிப்பால் வந்தபின் நிலைமை மாறியது. இன்றைய ஆயா தன் பாலை ஊட்டுவதில்லை. ஆகவே சட்டப்படி பால்குடி உறவும் உண்டாவதில்லை. உறவு விடைபெற்றது, கூலி ஒப்பந்தம் மட்டும் எஞ்சியது. அந்த ஒப்பந்தமாவது நேர்மையாக இருக்கிறதா?

இலங்கையின் மூதூரிலிருந்து ஓர் ஏழைத் தமிழ் முஸ்லிம் பெண் 2005இல் சவூதி அரேபியாவுக்கு வீட்டுப்பணிக்குச் சென்றாள். வயது 17, கடவுச்சீட்டில் அதைக் கூட்டியிருந்தனர். பிள்ளை வளர்ப்பில் பயிற்சியில்லாத அவளிடம் நான்கு மாதக் குழந்தை ஒப்படைக்கப்பட்டது. புட்டிப்பால் ஊட்டும்போது மூச்சுத்திணறிக் குழந்தை இறந்தது என்பது அவள் தரப்பு. கொலை என்பது நீதிமன்றத்தின் முடிவு. உலகெங்குமிருந்து எழுந்த வேண்டுகோள்களுக்குப் பின்னும் 2013 ஜனவரி 9 அன்று அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 25 வயதுக்குக் குறைந்தவளிடம் குழந்தையைக் கொடுக்காதீர் என இப்னு ஸீனா எழுதி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன. பணி இன்னது எனத் தெளிவாக வரையறுக்காத ஒப்பந்தம் செல்லாது என்ற சட்டவிதியும் பழையதே. பிள்ளையை இழந்த தாயின் துயரும் மெய். ஆனால் அச்சிறுமியை அத்தொட்டிலருகே நிறுத்திய குடும்பமும் சமூகமும் எக்கூண்டிலும் ஏற்றப்படவில்லை.

அதே 2013இல், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையுடைய தாய்மார் வெளிநாட்டு வீட்டுப்பணிக்குச் செல்வதை இலங்கை அரசு தடுத்தது. ஹலீமாவின் இடுப்பில் அழுத பிள்ளையை ஓர் அரசு நினைவில் கொண்டதுபோல் அது தோன்றலாம். ஆனால் தாயைத் தடுப்பது எளிது. அவள் வறுமையைத் தடுப்பதுதான் கடினம்.

பணிக்குச் செல்லும் தாய்க்குத் துணை தேவை; ஆயாவை அமர்த்துவது குற்றமன்று, திருக்குர்ஆன் அனுமதித்த ஒன்று. அவ்வனுமதியோடு வந்த நிபந்தனைகளையே நாம் கைவிட்டுவிட்டோம். பேசிய கூலி, வரையறுத்த பணி, அவளுக்கும் ஒரு குடும்பம் உண்டு என்னும் நினைவு, பணி முடிந்த பின்னும் தொடரும் மரியாதை ஆகிய நான்கும் நம் சட்டநூல்களிலும் நபிவழியிலும் இருப்பவை. நம் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் அப்பெண்ணின் பிள்ளையை இப்பொழுது யார் தூக்கி வைத்திருக்கிறார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நபிவரலாற்றின் முதல் பக்கங்களில் கேட்கும் அழுகுரல்களுள் ஒன்று, ஹலீமாவின் பசித்த மகனுடையது. மீலாது மேடையில் ஹலீமாவைப் புகழ்ந்துவிட்டு வீடு திரும்பும்போது, அக்குரலும் நம் செவியில் விழ வேண்டும்.