இயக்கர் என்னும் பெயர்

திருகோணமலைக் கப்பல்துறைக்கு அணித்தாய்க் கடலினுள் நீண்டு நிற்கும் கோணேசர் மலையில் 'இராவணன் வெட்டு' எனும் பாறைப்பிளவு உண்டு. நகருக்கு வடமேற்கே கன்னியாய் வெந்நீரூற்றுக்கள் ஏழும், இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றிய இடமென்று போற்றப்படுகின்றன. இவற்றைக் காட்டுவோர் அவனை அரக்கன் என்றும் இயக்கர்கோன் என்றும் வேறுபாடின்றிக் கூறுவதுண்டு. வடமொழி இராமாயணமோ இவ்விரு குலத்தாரையும் வேறுபடுத்தியே பேசுகிறது. அதன்படி இலங்கையில் இருந்து ஆண்ட இயக்கர் தலைவன் குபேரன். அவனைத் துரத்தி நகரைக் கைப்பற்றியவனே இராவணன்.

இயக்கரை ஈழத்தின் முன்னைக் குடிகளாக நிறுத்தியது, கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டளவில் எழுந்த மகாவம்சமாகும். புத்தர் இயக்கரை மகியங்கணையில் அச்சுறுத்திக் கிரிதீபத்துக்கு அகற்றினார் என்றும், நாகதீபத்தில் மணியாசனத்துக்காகப் போரிட்ட மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசரை இணக்கினார் என்றும் அந்நூல் கூறும். அறத்தை ஏற்ற நாகரின் பெயர் பெருமை பெற்றது. சோரநாகன், இளநாகன், சிறீநாகன் என அரசர் பலர் அதனைத் தாங்கினர். 1936இல் கிடைத்த வல்லிபுரப் பொன்னேடும் நாகதீவைக் குறிக்கிறது. அகற்றப்பட்டோரின் பெயரோ சிங்களப் பேச்சில் இன்று பேயைக் குறிக்கும் 'யக்கா' ஆயிற்று.

ஆயினும் நூலே தன்னை மறந்து உண்மையை உரைக்கும் இடங்கள் உள. விசயன் தோழர் கண்ட குவேனி மரத்தடியில் நூல் நூற்றிருந்தாள். அவள் அவர்களுக்குக் காட்டிய அரிசியும் பிற பொருள்களும், அவளால் விழுங்கப்பட்ட வணிகரின் கலங்களில் வந்தவையாம். விழுங்கிய கதையை நீக்கினால் எஞ்சுவது, கடல்வணிகப் பண்டம் வந்திறங்கிய ஒரு கரை. பண்டுகாபயனோ விழாக்காலங்களில் சித்திரராசன் என்னும் இயக்கனோடு சம ஆசனத்தில் வீற்றிருந்தான். பேயோடு எவ்வரசன் சமமாக அமர்வான்?

தமிழ் வழக்கில் இப்பெயருக்கு இழிவில்லை. புறநானூற்று 71ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் பெருமையுடன் எண்ணும் நண்பருள் ஒருவன் பெயர் இயக்கன். சமணர்க்கு இயக்கி தீர்த்தங்கரரின் காவல்தெய்வம். நெல்லை, குமரி நாட்டார்க்கு அவள் இசக்கியம்மன். பிராகிருத 'யக்க' என்பது தமிழில் இகரம் பெற்று இயக்கன் ஆதல் இயல்பே. 'இயக்கு' என்னும் வினையினின்று இதனைப் பிறப்பித்து, எந்திரங்களை இயக்கிய பேரினம் ஒன்றைப் படைப்பது செவிக்கு இனிதாகலாம். வரலாற்றுக்கு அது வேண்டுவதன்று.

வட இந்தியாவில் நீர்நிலைக்கும் மரத்துக்கும் உரிய சிறுதெய்வங்களைச் சுட்டிய ஒரு சொல்லை, அத்தெய்வங்களை வணங்கிய குடிகளுக்கே நூலாசிரியர் இட்டனர் எனக் கொள்வது பொருந்தும். ஆதலின் இயக்கர் என்பது ஓரினம் தனக்கு வைத்துக்கொண்ட பெயராகத் தோன்றவில்லை. அதனை இன்றைய இனமொன்றன் முன்னோர் பட்டியலிற் சேர்க்க முயல்வோர், சிங்களவராயினும் தமிழராயினும், பகைவர் இட்ட பெயரையே உரிமைப் பத்திரமாக நீட்டுகின்றனர்.

விசயனாற் கைவிடப்பட்ட குவேனி தன்னினத்தார் கையால் இறந்தாள்; அவள் மக்கள் இருவரும் மலைநாடு புகுந்தனர்; அவர்வழிப் புளிந்தர் தோன்றினர் என்று மகாவம்சம் முடிக்கிறது. புளிந்தரை வேடராகக் கொள்வர் அறிஞர். கப்பல்துறைக்குத் தெற்கே மூதூர்ப் பக்கத்தில் தமிழ் பேசி வாழும் அம்மக்களை அயலார் வேடர் என்றே அழைக்கின்றனர். இயக்கர் என்று அல்ல.