ஹிட்லர் கைபிடித்து நன்றி சொன்ன யூத டாக்டர்

ஹிட்லர் தன் வாழ்நாளில் ஒரு யூதருக்கு நன்றிக்கடன் பட்டிருந்தார்னு சொன்னா நம்புவீங்களா?

அவர் பெயர் எடுவார்ட் ப்ளாக். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஏழைகளின் டாக்டர்னு பெயர் வாங்கியவர். நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் கிளம்பிப் போவாராம்.

1907 ஜனவரி. நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு விதவைத் தாய் அவரிடம் வருகிறார். பெயர் க்ளாரா ஹிட்லர். பரிசோதித்தால் மார்பகத்தில் கட்டி, முற்றிய புற்றுநோய். விஷயத்தை ப்ளாக் பிள்ளைகளிடம்தான் சொல்கிறார். அம்மா பிழைக்க வாய்ப்பே இல்லையான்னு கேட்டு 17 வயசு அடால்ஃப் அழுகிறான்.

அதே மாதம் ஆபரேஷன் நடந்தது. ஆனால் நோய் திரும்பியது. கீமோ, ஹார்மோன் சிகிச்சை எதுவும் இல்லாத காலம் அது. அப்போது இருந்த வழிகளில் ஒன்று, அயோடோஃபார்ம் மருந்தில் நனைத்த துணியைத் திறந்த புண்ணில் வைப்பது. (இன்றைக்கும் ஈ.என்.டி. டாக்டர்களுக்கு இந்த மருந்து பழக்கம். அந்த வாசனை கையை விட்டு லேசில் போகாது.) புண்ணில் பட்டால் நெருப்பாய் எரியும். நவம்பர் முழுக்க ப்ளாக் கிட்டத்தட்ட தினமும் வீட்டுக்குப் போய் அந்தக் கட்டைப் போட்டார். வலிக்கு மார்ஃபின் கொடுத்தார்.

1907 டிசம்பர் 21 அன்று க்ளாரா இறந்தார். வயது 47. அடால்ஃப் அளவுக்கு துக்கத்தில் நொறுங்கிப்போன ஒருவரைத் தன் தொழில் வாழ்க்கையில் கண்டதில்லைன்னு ப்ளாக் பின்னாளில் எழுதினார். அடக்கம் முடிந்து குடும்பம் நன்றி சொல்ல வந்தது. அடால்ஃப் அவர் கையைப் பிடித்து, என்றைக்கும் நன்றியோடு இருப்பேன்னு சொன்னான். வியன்னா போனபிறகு தபால் அட்டையும் அனுப்பினான். அதில் ஒன்று அவனே வரைந்தது.

அப்புறம் 1938. ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்குகிறது. ப்ளாக்கின் கிளினிக்கை மூடிவிட்டார்கள். கெஸ்டபோ வந்து அந்தத் தபால் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனது. அவர் ஹிட்லருக்கு உதவி கேட்டு எழுதினார். பாதுகாப்பு வந்தது! லின்ஸின் மற்ற யூதர்கள் வீடு வாசல் இழந்து வியன்னாவுக்கு விரட்டப்பட்டபோது, இவரை மட்டும் சொந்த வீட்டில் இருக்க விட்டார்கள். 1940-ல் மனைவியோடு அமெரிக்கா போகவும் அனுமதித்தார்கள்.

அந்த டாக்டரின் சிகிச்சையில் அம்மா பட்ட வேதனைதான் யூத வெறுப்பாக மாறியதுன்னு ஒரு வரலாற்றாசிரியர் புத்தகமே எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படி வெறுத்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது ப்ளாக்தானே? வேறு பல வரலாற்றாசிரியர்களும் அதை ஏற்கவில்லை.

என்னை உறுத்துவது வேற. ஒரு யூதர் நல்லவர்னு ஹிட்லருக்கு நேரடியாகவே தெரியும். தெரிந்தும் அந்த ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்துவிட்டு, லட்சக்கணக்கானவர்களைச் சாகடிக்க அவரால் முடிந்தது.

நியூயார்க்கில் ப்ளாக்கின் மருத்துவப் பட்டம் செல்லவில்லை. சுமார் நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்தவர், அதன்பிறகு ஒரு நோயாளியைக்கூடப் பார்க்கவில்லை. 1941-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் தன் நினைவுகளைச் சொன்னார். அதில் அந்தப் பையனை அமைதியானவன், அம்மா மேல் உயிரையே வைத்திருந்தவன்னுதான் விவரித்தார்.

1945 ஜூன் 1 அன்று வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். ஹிட்லர் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.