ஐந்து பேருக்குக் குறைந்தால் சட்டம் இல்லை

துறைமுகத் தொழிலாளியின் பாதுகாப்புக்கான சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1934-ல் இயற்றப்பட்ட இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சட்டம் 1948-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 1986-ல் விரிவான சட்டம் பிறந்தது. கிரேன் எத்தனை டன் தாங்கும் என்று அதன் மேலேயே எழுத வேண்டும், கப்பலின் திறந்த சரக்கறையைச் சுற்றித் தடுப்பு வேண்டும், இறங்க ஏணி வேண்டும் என்று விதிகள் வந்தன. அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அவை கேட்கவில்லை. அதே சரக்கை ஏற்றிக்கொண்டு நாமக்கல், சங்ககிரி லாரி புறப்பட்டதும் கணக்கு மாறுகிறது. 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை, நெடுந்தூர ஓட்டத்துக்குப் பத்து, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடராமல் அரை மணி ஓய்வு என்றெல்லாம் நல்லதே சொன்னது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்கே அது பொருந்தியது. கடன் வாங்கி ஒரு வண்டியோ இரண்டு வண்டியோ ஓட்டுபவர்கள் நிறைந்த நாமக்கல் வட்டாரத்தில் அந்த ஒரு வரியே பெரும்பாலான டிரைவர்களையும் கிளீனர்களையும் வெளியே நிறுத்திவிட்டது.

ஒற்றை லாரிக்காரரை எந்த அதிகாரி போய்ச் சோதிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆளை எண்ணாமல் வண்டியைப் பிடித்த விதி ஒன்று நம்மிடமே இருந்தது. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள், நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு டிரைவர்கள் வேண்டும், மாற்று டிரைவர் கால் நீட்டிப் படுக்க முழு நீள இருக்கை வேண்டும் என்றன. பெர்மிட்டோடு கட்டிய விதி என்பதால் ஒரே லாரி வைத்திருந்தவருக்கும் அது பொருந்தியது. 2018-ல் இரண்டு டிரைவர் கட்டாயம் நீக்கப்பட்டது. டிரைவர் கிடைப்பதில்லை என்ற உரிமையாளர்களின் குறை பொய்யல்ல. ஆனால் தூக்கத்தைப் பறித்து அந்தக் குறையைத் தீர்ப்பது, இருக்கிற டிரைவரையும் தொழிலை விட்டு ஓட வைக்கும்.

2020-ன் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் துறைமுகத்தையும் லாரியையும் ஒரே நூலில் சேர்த்தது. அதில் துறைமுகப் பணிக்கு இன்றும் ஆள் எண்ணிக்கை வரம்பு இல்லை. மோட்டார் போக்குவரத்துக்கோ ஐந்து பத்தாக உயர்ந்தது. 2025-ல், புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயமானது. அதுவும் ஆளை எண்ணாமல் வண்டியைப் பிடித்த விதிதான். ஓட்டும் நேரத்துக்கும் தூக்கத்துக்கும் அதே வழியில், பெர்மிட்டோடும் சரக்கு அனுப்பும் கம்பெனியின் பொறுப்போடும் சேர்த்து, விதி எழுதத் தடையேதும் இல்லை.