மதிப்பெண்ணும் பதிவேடும்

நோயாளி ஒருவர் தம்மைப் பேணும் தாதியைத் தாமே தேர்ந்துகொள்வதில்லை. நள்ளிரவில் ஊசியுடன் வந்து நிற்பவர் முறையாகக் கற்றவர்தாமா என்று வினவும் நிலையிலும் அவர் இருப்பதில்லை. முன்பின் அறியாத ஒருவர் கையில் தம் உயிரை ஒப்படைக்கிறார். அந்த நம்பிக்கைக்கு அரணாக அமைந்தவையே உரிமத் தேர்வும் தாதியர் பதிவேடும். ஆயின், அரண் எழுந்த பின்னர் மற்றொரு வினா எழுந்தது. தேர்ச்சி பெற்றார் என்னும் செய்தி மட்டும் மக்களுக்கு உரியதா? பெற்ற மதிப்பெண்ணும் உரியதா? இவ்வினாவின் வரலாறு ஆசிரியரும் மாணவரும் அறியத்தக்கது.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தோற்றுவித்தார். அதன்பின் பயிற்சி பெற்றோர் பெருகினர். பயிற்சி பெறாமலே தாதியர் என்று சொல்லிக்கொண்டோரும் பெருகினர். இருவரையும் பிரித்தறியப் பொதுப் பதிவேடு வேண்டும் எனப் பெட்போர்ட் பென்விக் அம்மையார் குரல் எழுப்பினார். அந்நோக்கத்துடன் 1887இல் பிரிட்டிஷ் தாதியர் சங்கம் தோன்றியது. வியப்பு யாதெனில், நைட்டிங்கேல் அம்மையாரே இம்முயற்சியை எதிர்த்தார். பரிவு, பொறுமை, ஒழுக்கம் ஆகியவற்றைத் தேர்வுத்தாள் அளக்காது என்பதும், ஒருவர் என்றோ பெற்ற சான்று அவருடைய இன்றைய நிலையைக் காட்டாது என்பதும் அவர் கருத்தாகும்.

வாதத்தில் வென்றது பதிவேடே. நியூசிலாந்து 1901ஆம் ஆண்டில் தாதியர் பதிவுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் 1903இல் வட கரோலினா மாநிலம் வழிகாட்டியது. இங்கிலாந்தில் 1919இல் சட்டம் நிறைவேறியது; பதிவேட்டின் முதற்பெயர் பென்விக் அம்மையாருடையதாகவே அமைந்தது. அங்கு முதல் அரசுத் தேர்வு நடந்த ஆண்டு 1925. பதிவேட்டின் பணி தகுதியுடையாரைத் தகுதியில்லாரினின்றும் பிரித்துக் காட்டுவதேயன்றித் தகுதியுடையாரை வரிசைப்படுத்துவதன்று. இந்த வேறுபாடே இவ்வாய்வுக்கு அச்சாணி எனலாம்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டிருந்த தேர்வுகளை ஒருமைப்படுத்தும் முயற்சி 1944இல் தொடங்கியது. அப்பொதுத் தேர்வில் பாடந்தோறும் எண்கள் வழங்கப்பட்டன. 1982இல் அதற்கு மாற்றாக வந்த தேசியத் தேர்வு ஒரே எண்ணை வழங்கியது. 1600 என்பது தேர்ச்சிக் கோடு. 1980களின் இறுதியில் அவ்வெண்ணும் கைவிடப்பட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி என்னும் ஒரு சொல்லே முடிவாயிற்று.

தேர்வின் இயல்பை நோக்கின் இம்மாற்றத்தின் பொருத்தம் விளங்கும். உரிமத் தேர்வு, பாதுகாப்பாகப் பணிபுரியப் போதுமான அறிவு உண்டா என்பதை மட்டுமே அறிய வகுக்கப்பட்டது. கோட்டுக்கு மேல் 100 எண் மிகுதியாகப் பெற்றவர் அந்த அளவுக்குச் சிறந்த தாதி என்று கூற அது சான்றாகாது. 1994இல் தேர்வு கணினிக்கு மாறியபின் இவ்வுண்மை மேலும் தெளிவாயிற்று. ஒருவர் சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகிறது; தவறினால் எளிதாகிறது. இருவர் எதிர்கொள்ளும் வினாக்கள் ஒன்றல்ல. வினாக்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஆகவே, நூற்றுக்கு எத்தனை என்னும் கேள்வியே அங்குப் பொருளற்றுப் போகிறது. தோல்வியுற்றவருக்கு மட்டும் எப்பகுதியில் குறைபாடு என்பதைக் காட்டும் அறிக்கை தரப்படுகிறது. திருத்திக்கொள்ள வேண்டியவர் அவரல்லரோ!

பிலிப்பீன்ஸ் நாடு வேறு வழியில் சென்றது. 2002ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி அங்குத் தேர்ச்சி பெறச் சராசரி 75 விழுக்காடு வேண்டும். எப்பாடத்திலும் 60க்குக் குறைதல் கூடாது. தேர்ச்சியுற்றோர் பெயர்கள் வெளியிடப்படுகின்றன. முதல் பத்து இடம் பெற்றோர், அவர்தம் கல்லூரி, பெற்ற விழுக்காடு ஆகியவையும் நாடறிய அறிவிக்கப்படுகின்றன. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது பெரும் பெருமையே. ஆயின் அப்பெருமை வணிகப் பொருளாகவும் ஆனது. தம்மிடம் பயின்றோர் முதலிடம் பெற்றனர் என்று தனிப்பயிற்சி நிலையங்கள் விளம்பரம் செய்யலாயின.

2006ஆம் ஆண்டு சூன் மாதம் ஏறத்தாழ 42,000 பேர் எழுதிய தேர்வில் இரு பாடங்களின் வினாக்கள் முன்னரே கசிந்து பயிற்சி நிலையங்களை அடைந்தன. பாகியோ நகரத்துப் பட்டதாரிகள் சிலர் அதனை அம்பலப்படுத்தினர். அவ்வாண்டு தேர்ந்தோருள் நேர்மையாக உழைத்தவரும் ஐயத்துக்கு ஆளாயினர். அமெரிக்காவில் பணிபுரிய வேண்டிய சான்றிதழைப் பெற, அவ்விரு பாடங்களையும் மீண்டும் எழுதித் தேற வேண்டும் என 2007இல் அந்நாட்டுச் சான்றளிக்கும் அமைப்பு அறிவித்தது. கசிவுக்கு வெளியீடே காரணம் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. எனினும், முதலிடத்துக்கு விலை ஏற ஏற, அதனைக் குறுக்கு வழியில் அடையும் ஆசையும் ஏறும் என்பதை மறுத்தல் அரிது.

அங்ஙனமாயின் யாவற்றையும் மறைத்தல் தகுமோ? தகாது. யார் உரிமம் உடையவர், யாருடைய உரிமம் பறிக்கப்பட்டது என்பவற்றை அறிய மக்களுக்கு முழு உரிமை உண்டு. கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காடும் அத்தகையதே. அதனை வெளியிடும் வழக்கம் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் உண்டு. பிலிப்பீன்சில் 2000ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு வகைசெய்கிறது. கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் நிறுவனம் ஊருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. தேர்வெழுதிய இளம்பெண்ணோ தேர்வாணையத்துக்குக் கணக்குக் காட்டிவிட்டாள். கோட்டைக் கடந்தபின் அவளுடைய எண்ணைத் தெருவில் தூக்கிப் பிடிப்பதால் நோயாளி பெறும் பயன் யாது?

நைட்டிங்கேல் அம்மையாரும் பென்விக் அம்மையாரும் எதிரெதிர் நின்று வாதிட்டனர். இருவர் கூற்றிலும் உண்மை இருந்ததை வரலாறு காட்டுகிறது. பதிவேடு இன்றி மக்களுக்குப் பாதுகாப்பில்லை. பதிவேட்டுக்குள் நுழைந்த பின் ஒரு தாதியின் தரத்தைச் சொல்வது அன்றொரு நாள் பெற்ற எண் அன்று. நோயாளியின் படுக்கையருகே அவர் நாள்தோறும் ஆற்றும் பணியே ஆகும்.