தொடக்கத்தைத் தொலைத்த எண்

பெங்களூரு தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அக்காலக் கல்வெட்டுகள் பல, நாளை ஒரே குறியால் சுட்டுவதில்லை. சக ஆண்டு, அறுபதாண்டுச் சுழற்சியின் ஆண்டுப்பெயர், மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என ஒன்றையொன்று சரிபார்க்கும் கூறுகளை அடுக்குகின்றன. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பஞ்சாங்க அட்டவணைகள் இம்மிகுதியையே நம்பின. ஒரு கூறு பிழைத்தாலும் மற்றவை அதனைக் காட்டிக்கொடுக்கும்.

மென்பொருளின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. அங்கே நாள் என்பது, ஒரு தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்ட வெறும் எண். ஒரு மென்பொருள் கூறிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது எண் மட்டும் பயணப்படுகிறது, தொடக்கம் பின்தங்கிவிடுகிறது.

இதற்கொரு வரலாறு உண்டு. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3, 1900ஐத் தவறாக நெட்டாண்டாகக் கொண்டது. அதனோடு ஒத்திசைய வேண்டி எக்செலும் இல்லாத பிப்ரவரி 29ஐ ஏற்றது. பின்னர் கூறுகளை இணைக்க வந்த ஓ.எல்.இ. ஆட்டோமேஷன் அப்பிழையை ஏற்கவில்லை. மாறாகத் தன் சுழியத்தை 1899 டிசம்பர் 30இல் நிறுத்திக்கொண்டது. அதனால் 1900 மார்ச் 1 இரண்டிலும் 61 ஆயிற்று; அதற்கு முந்தைய நாள்களில் ஓர் எண் வேறுபாடு நிலைத்தது. மெக்கின்டாஷ் எக்செலோ 1904 ஜனவரி 1ஐச் சுழியமாகக் கொண்டது. ஒரே எண்ணை இவ்விரு எக்செல் முறைகளும் 1462 நாள் இடைவெளியில் படிக்கின்றன.

தொல்லெழுத்தியலாளர்க்கு இதனினும் நுட்பமான இடர் ஜாவாவில் உள்ளது. அதன் பழைய நாட்காட்டி வகுப்பு, 1582 அக்டோபர் 15க்கு முந்தைய நாள்களை இயல்பாக ஜூலியன் முறையில் கொள்கிறது. 2014இல் வந்த புதிய நூலகமோ கிரகோரியன் முறையையே பின்னோக்கி நீட்டுகிறது. எடுத்துக்காட்டாக, பழைய வகுப்பில் 1250 ஜூன் 10 எனப் பதிந்த நாளை மில்லிவிநாடி எண்ணாகப் புதியதற்கு அனுப்பினால், அது ஜூன் 17 எனத் தோன்றும். ஆண்டு, மாதம், தேதி என்னும் மூன்றையும் அனுப்பினால் பெயர் மாறாது; ஆனால் குறிக்கப்படும் உண்மை நாள் ஏழு நாள் முன்னே போய்விடும்.

இவ்வேறுபாடு 11ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் ஆறு நாள். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஏழு நாள். ஏழு என்பதே இங்குச் சூழ்ச்சி. கிழமை மாறாது, ஆகவே கிழமையை மட்டும் ஒப்பிடும் ஆய்வாளர் பிழையை உணரார். திதியே அதனை வெளிப்படுத்தும்: வளர்பிறைப் பஞ்சமி ஏறத்தாழத் துவாதசியை எட்டிவிடும்.

எனவே கல்வெட்டுத் தரவுத்தளங்களில் நாளை ஒற்றை நாள்-வகையாக மட்டும் சேமித்தல் போதாது. கல் தந்த கூறுகளை அவ்வாறே எழுத்தாகக் காத்தல், எந்த நாட்காட்டி முறை என்பதைத் தனிப் புலத்தில் குறித்தல், கணித்த நாளை அவற்றினின்று வேறாக வைத்தல் ஆகிய மூன்றும் வேண்டும். கல்வெட்டை எழுதியவர் படிப்பவரிடம் தம் கணக்குமுறை இருக்கும் என்று மட்டும் நம்பி விடவில்லை; சரிபார்க்கும் வழியையும் உடன் பொறித்தார். தரவை வடிவமைப்போர்க்கும் அக்கடமை உண்டு.