வத்தலக்குண்டு தந்த காளைக் கதை

கொடைக்கானல் பஸ்ஸில் போகிறவர்கள் மலை ஏறுமுன் வத்தலக்குண்டில் டீ குடித்திருப்பார்கள். சி.சு.செல்லப்பா (1912-1998) வளர்ந்த ஊர் அதுதான். 1959-ல் வெளிவந்த அவருடைய 'வாடிவாசல்', ஒரே நாள் ஜல்லிக்கட்டில் நடந்து முடிகிற குறுநாவல். ஜமீன்தாரின் காரிக் காளை குத்தி அப்பாவைப் பறிகொடுத்த பிச்சி, அதே காளையை அணைய வருகிறான். சிறுவர் கதையாக இருந்தால் பையனும் காளையும் கடைசியில் சிநேகமாகியிருப்பார்கள்! இங்கே பிச்சி ஜெயிக்கிறான். பிடிபட்ட பிறகு வெறிகொண்டு ஓடும் காரியை ஜமீன்தாரே சுட்டுக் கொல்கிறார். காரிக்கு ஜமீன் கௌரவம் பற்றி என்ன தெரியும்? மானம் போனது எஜமானுக்கு, உயிர் போனது மாட்டுக்கு.

அதே 1959-ல் 'எழுத்து' பத்திரிகையையும் ஆரம்பித்தார் செல்லப்பா. புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றதும் அவரேதான்.